பத்து நிமிஷத்தில் எழுதிய புகார்

புதிதாக வக்கீல் குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். சட்டம் படித்தவன் இல்லை. முப்பத்தோரு வருஷம் கேஸ் கட்டுத் தூக்கினேன், அவ்வளவுதான். மனு எப்படித் தாக்கல் செய்வது, ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் ஒரு மாசத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொன்னால் நான் கும்பிடுகிற சாமிக்கே அடுக்காது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த நேரம். ஆள் பிடிக்க அவிநாசிபாளையம், குண்டடம் என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் கம்பெனி வேன் ஓடும். காலை எட்டரைக்குள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கவில்லை என்றால் டிரைவருக்குத் திட்டு. அதனால் அந்த வேன்கள் ரோட்டில் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு வேறொரு கேஸுக்கு முதல் தகவல் அறிக்கை நகல் வாங்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மதியம் இரண்டு மணி. பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி மேனேஜர்.

"ஏனுங்கண்ணா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் மேனேஜர். "இவரு அந்தோணி. எங்க கம்பெனில டைலருங்க. திருநெல்வேலிப் பக்கம். காலைல இவரு புள்ள மேல எங்க வேன் பட்டுருச்சுங்க. ஆறு வயசுப் புள்ள. ஜி.எச்.ல இவரு மடியிலயே போயிருச்சுங்கண்ணா." அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். "நாலு மணிக்குள்ள புகார் பதிவாகிப் பேப்பர் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இல்லீன்னா போஸ்ட்மார்ட்டம் நாளைக்குத்தான். புள்ளையை ராத்திரி பூரா அங்க போட்டு வைக்கோணும். நீங்க ஒரு கை எழுதிக் குடுத்துருங்க."

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாவது வரை படித்தவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். ஸ்டேஷனில் எல்லோருக்கும் என் எழுத்து தெரியும். நானும் உடனே பேனாவைத் திறந்துவிட்டேன்.

"எப்படி நடந்துச்சுங்க?" என்று கேட்டேன். யாரைப் பார்த்துக் கேட்டேன்? மேனேஜரைப் பார்த்து. அவர் டிரைவர் சொன்னதைச் சொன்னார். ஸ்டாப்பில் பஸ் நின்றிருந்தது, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து குழந்தை திடீரென்று குறுக்கே ஓடிவந்துவிட்டது, டிரைவர் பிரேக் போட்டும் நிற்கவில்லை. நான் அப்படியே எழுதினேன். பத்து நிமிஷம். பெற்ற அப்பன் வாயால் சொல்வது போல, "என் மகள் சாலையைக் கடக்க ஓடியபோது" என்று எழுதினேன். வேகமாக ஒரு தடவை வாசித்தும் காட்டினேன். அந்தோணி எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றான். கையெழுத்துப் போட்டான். நாலு மணிக்குள் பேப்பர் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி வண்டியிலேயே சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மேனேஜர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். போகும்போது ஒரு பனியன் பண்டலையும் வண்டியில் வைத்தார். நம்மூரில் இது பெரிய விஷயமில்லை. ஏற்றுமதியில் கழித்த பனியன் எல்லார் வீட்டிலும் இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போய், ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாசம் கழித்து அந்தோணியும் அவன் மனைவி புஷ்பமும் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள். புகார் எழுதிக் கொடுத்த ஆள் என்று என்னைத் தேடித்தான் வந்தார்கள். அவன் முன்னால் வந்தான். அவள் பத்தடி பின்னால் வந்தாள். உள்ளே வந்தும் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தான். துக்கத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கம்பெனி ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஒரு ஒப்பந்தப் பேப்பர். குழந்தை ஓடிவந்ததால் நடந்த விபத்து, டிரைவர் மேல் தவறில்லை, இனி எந்த வழக்கும் போட மாட்டோம். அந்தோணி கையெழுத்துப் போடத் தயாராக இருந்தான். சவப்பெட்டி வாங்கியது முதல் வண்டி வாடகை வரை கம்பெனி செய்திருக்கிறது. வேலையும் அங்கேதான். "நன்றி மறக்கக் கூடாதுல்லாய்யா" என்றான்.

எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அதிகம் பேசாத மனுஷர். பேசினால் சுருக்கென்றிருக்கும்.

"கேட்டுக்கோங்க. கம்பெனிக்காரங்க கூடப் பேசி முடிக்கிறது ஒரு வழி. ஆனா அதுல டிரைவர் மேல இருக்கற போலீஸ் கேஸ் முடிஞ்சு போகாது. அது சர்க்கார் நடத்தற கேஸு. நீங்க கையெழுத்துப் போட்டா உங்க வாய்தான் அடைபடும். ரெண்டாவது, தப்பு யாருதுன்னே சொல்லாம நஷ்டஈடு கேக்கறது. சட்டத்துல அதுக்கு ஒரு கணக்கு இருக்குது. கொறச்சலாத்தான் வரும், சீக்கிரம் முடியும். மூணாவது, வேன்காரன் தப்புன்னு நிரூபிச்சுக் கேக்கறது. வருஷக்கணக்கா இழுக்கும். பார்த்த சாட்சி கூண்டுல ஏறோணும். இன்சூரன்ஸ் வக்கீல் குடைஞ்சு எடுப்பாரு. எது வேணும்ன்னு ஊட்டுல பேசிட்டு வாங்க. அவசரமில்லை."

அதுவரை வாய் திறக்காத புஷ்பம் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க என்னத்த எழுதுனிய? ஒரு தடவ வாசிச்சுக் காட்டுதியளா?"

நகல் அவர்கள் கொண்டுவந்த காகிதக் கட்டில் இருந்தது. எடுத்து வாசித்தேன். என் எழுத்தை நானே வாசிக்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் இழுத்து வாசிக்கத் தோன்றும். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "குறுக்கே ஓடியபோது" என்ற இடம் வந்ததும் அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. யாரு ஓடுனா?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"ஸ்டெல்லா ஓடலையே அண்ணாச்சி. அவ நின்னுக்கிட்டுல்லா இருந்தா. பஸ்ஸுக்கு இடப்பக்கம், மண்ணுல, அந்தப் பஞ்சர் கடை ஓரமா. பஸ்ஸ முந்துததுக்கு வேனு மண்ணுல இறங்கி வந்துச்சு. யாரு சொன்னா ஓடுனான்னு? நான்லா பக்கத்துல நின்னேன். எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங் குமாஸ்தா, நீங்க யாரு கட்சிக்குக் குமாஸ்தாங்க? வேன்காரன் வக்கீலுக்கே இவ்வளவு நல்லா எழுத வராதுங்களே."

அது என்னை அடித்த அடி அல்ல. அடி அடுத்து விழுந்தது. அந்தோணி நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தான். "நீ கைய விட்டுட்ட, அதான் அவ ஓடிட்டான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"அதுக்குத்தானா?" என்றாள் அவள். சத்தமே இல்லை. "ஒரு மாசமா எம்மூஞ்சியப் பாக்காம இருந்தியளே, அதுக்குத்தானா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அவன் அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது என் எழுத்தைத்தான். தன் குழந்தை இப்படித்தான் செத்தாள் என்று அவன் மனசில் பதிய வைத்தது நான்தான். போலீஸ் ஸ்டேஷனில், பேப்பரில், நல்ல கையெழுத்தில் இருந்தது பொய்யாக இருக்கும் என்று அவன் எப்படி நினைப்பான்? அடக்கம் செய்த வீட்டில் பெற்றவளைப் போய்க் கேட்கக் கூடாது என்று எல்லோரும் இரக்கத்தோடு விலகி நின்றார்கள். அந்த இரக்கம்தான் அவள் வாயை அடைத்துவிட்டது. பத்து நிமிஷத்தில் நான் ஒரு புருஷனையும் பொண்டாட்டியையும் பத்தடி தள்ளி நடக்க வைத்திருந்தேன்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உடனே என் மனசு என்ன யோசித்தது தெரியுமா? இரண்டாவது வழியில் போனால் தப்பு யாருடையது என்ற பேச்சே வராது, என் புகாரை யாரும் தோண்ட மாட்டார்கள் என்று யோசித்தது. வக்கீல் வேறொருவரிடம் பேசப் போன நேரத்தில் அவர்களிடம், "அம்மிணி, ரெண்டாவது வழியே நல்லதுங்க. சீக்கிரம் முடிஞ்சுரும். கூண்டுல ஏறி எதுக்குப் புண்ணைக் கிளறிக்கிட்டு?" என்றேன். கேட்பதற்கு அக்கறை மாதிரி இருக்கும். நம் தொழிலில் நம் சொந்தப் பயம் பெரும்பாலும் கட்சிக்காரர் மேல் அக்கறை போல வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதை அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள்.

புஷ்பம் வீட்டிலிருந்தபடி பனியன் பீஸுக்குப் பிசிறு வெட்டுகிறவள். அதாவது தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணுவது. அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, நான் அனுப்புத பண்டல்ல ஒரு பீஸ்ல பிசிறு இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பி விட்டுருவாவ. மறுபடி உக்காந்து வெட்டணும். யாரும் எம்மேல இரக்கப்பட்டு விட்டதில்ல. நீங்க எழுதுனத நான் திருப்பி விடுதேன். நேராக்கிக் குடுங்க."

வக்கீல் திரும்பி வந்ததும் அவளுக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார். "ஒருவேளை குழந்தை ஓடியே இருந்தாலும் கேஸ் நிக்கும்மா. ஆறு வயசுக் குழந்தை மேல சட்டம் தப்புச் சொல்லாது. வண்டி ஓட்டறவன்தான் பார்த்து ஓட்டோணும்."

"சட்டம் அவள மன்னிக்க வேண்டாம்ங்கய்யா" என்றாள். "அவ ஓடல."

அந்தோணி ஒப்பந்தப் பேப்பரை மடித்து மேஜையில் வைத்தான். மூன்றாவது வழி என்று முடிவானது.

முதலில் இன்ஸ்பெக்டரிடம் அவளை அழைத்துப் போய்ப் பார்த்ததைச் சொல்ல வைத்தோம். புகார் ஒன்று எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பார்த்தவர்கள் வாக்குமூலத்தை விசாரணையில் பதிவு செய்வார்கள். போலீஸ் அன்றைக்கே போட்டு வைத்த இட வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தோம். ரத்தம் கிடந்த இடம் தாரில் இல்லை, மண்ணில். அது ஒரு மாசமாக ஸ்டேஷன் கேஸ் கட்டிலேயேதான் இருந்திருக்கிறது. பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து.

அந்தோணி அந்தக் கம்பெனியை விட்டு வேறு யூனிட்டுக்குப் போனான். யாரும் விரட்டவில்லை. அவனால் அந்த வேனைத் தினமும் பார்க்க முடியவில்லை. மேனேஜர் என்னை ஒருநாள் ரோட்டில் நிறுத்தினார். "அண்ணா, எழுதுன கையாலயே அழிக்கறீங்களே" என்றார். டிரைவருக்கு ஆள் ஏற்றுகிற வண்டி ஓட்டும் பேட்ஜ் இல்லை, கேஸ் அவன் மேல் நின்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்து நஷ்டஈட்டை முதலாளி தலையில் கட்டிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. டிரைவர் சொன்னதை அவர் நம்பவும் செய்தார். நம்புவது வசதியாக இருந்தால் மனுஷன் சீக்கிரம் நம்பிவிடுகிறான். நானும் அப்படித்தானே எழுதினேன்.

நஷ்டஈட்டுக் கேஸ் விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. புஷ்பம் கூண்டில் ஏறினாள். இன்சூரன்ஸ் வக்கீல் என் புகாரைத்தான் கையில் வைத்திருந்தார்.

"குழந்தை கையைப் பிடிச்சிருந்தீங்களா?"

"இல்லய்யா. விட்டுட்டேன்."

எங்கள் வக்கீல்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் விட்டீங்க?"

"சோத்து டப்பா மூடி லூசா இருந்துச்சு. கொழம்பு கொட்டிரும்னு திருகுனேன். அதுக்கு ரெண்டு கையும் வேணும்லாய்யா. அவ எஞ்சீலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

"அப்போ உங்க கணவர் கையெழுத்துப் போட்ட புகார்ல ஓடினதா இருக்குதே, அது பொய்யா?"

"அத எழுதுனவர்ட்ட கேளுங்க."

அதற்கு முந்தின வாரமே எங்கள் வக்கீல் என்னிடம் பேசியிருந்தார். "புகார் எழுதுனவரு சாட்சி சொன்னா உதவியா இருக்கும். ஆனா என் குமாஸ்தாவை நான் கூண்டுல ஏத்தினா நல்லா இருக்காது. நான் கேக்க மாட்டேன். நீங்களா சொன்னாப் பாக்கலாம்." அவர் கட்டாயப்படுத்தியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்காமல் விட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் கோர்ட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போடும்போது மூன்றாவதில் நின்றுவிட்டேன். தினமும் காதைப் பிடித்துக்கொண்டு எந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று தோன்றியது. நேராகப் போய், "நான் ஏறறனுங்க" என்று சொன்னேன்.

ஆயிரம் பேரைக் கூண்டில் ஏற்றிவிட்டிருக்கிறேன். பயப்படாதீங்க, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்க என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். நான் ஏறியபோது கைப்பிடிக் கட்டையை விட முடியவில்லை. புகார் என் கையெழுத்து என்று சொன்னேன். மேனேஜர் சொன்னதை வைத்து எழுதினேன், அந்தோணி சம்பவ இடத்தில் இல்லை, பார்த்த தாயை நான் கேட்கவில்லை என்று சொன்னேன். "இதுக்கு ஏதாவது வாங்கினீங்களா?" என்று கேட்டார்கள். "ஒரு டீ, ஒரு பண்டல் பனியனுங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் கோர்ட் கேண்டீனில் என்னைக் கண்டால், "பண்டல் வந்துட்டாருடா" என்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது எனக்கு வேண்டியதுதான்.

தீர்ப்பன்றைக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தொகையைப் பற்றி வக்கீல் சொல்ல ஆரம்பித்தார். புஷ்பம் அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணாச்சி, அந்த எடத்த மட்டும் வாசிங்க" என்றாள். சாலையின் இடப்புறம் மண் பகுதியில் தாயுடன் நின்றிருந்த சிறுமி மீது வேன் இறங்கி மோதியது என்று நீதிபதி இங்கிலீஷில் எழுதியிருந்தார். தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இந்த முறை இழுக்கவில்லை. அவளைப் பார்த்து ஒரு தடவை சொன்னேன். அந்தோணியைப் பார்த்து ஒரு தடவை சொன்னேன். அவன் "மறுபடியும் சொல்லுங்கய்யா" என்றான். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

தம்பி, தங்கச்சி, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். உயிர் போன வீட்டுக்காரருக்காகப் பேனா திறக்குமுன் யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பார்த்தவர் அழுதுகொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். நேரம் இல்லையென்றால், நடந்த இடமும் வண்டி எண்ணும் எழுதி, எப்படி நடந்தது என்று விசாரிக்க வேண்டும் என்று விட்டுவிடுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். பேசி முடிக்கலாம் என்று யார் பேப்பர் கொண்டுவந்தாலும், தொகையைப் பார்க்குமுன் அதில் தப்பு யார் மேல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்த வழியில் போவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், உங்கள் பயம் முடிவு செய்ய வேண்டாம். சட்டப் பிரிவுகள் எங்கள் காலத்துக்கப்புறம் நிறைய மாறிவிட்டன. அதை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவர்களைப் பஸ் ஏற்றிவிட வாசல் வரை போனேன். எதிர்ப்பக்கம் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. எப்போதும் முன்னால் போகிற அந்தோணி அன்றைக்கு நின்றான். அவள் வரும்வரை நின்று, அவள் கையைப் பிடித்தான். இறுக்கித்தான் பிடித்திருப்பான் போல.

"விடுங்க" என்றாள் அவள். "நான் ஒண்ணும் ஓடிர மாட்டேன்."

அவன் விடவில்லை. ரோட்டைத் தாண்டி, பஸ் வரும்வரையிலும் விடவில்லை.